அப்பாவின் ரைஃபிள்: முதலில் ஒப்படையுங்கள், அப்புறம் முடிவெடுங்கள்

கேள்வி: ஐயா, எங்கள் ஊர் பேரையூர் தாலுகாவில் சாப்டூர்ப் பக்கம், மலையடிவாரம். அப்பா இறந்து இரண்டு மாதம் ஆகிறது. தாத்தா வேட்டைக்கு வாங்கி, பிறகு அப்பா பெயருக்கு மாறிய .315 ரைஃபிள் ஒன்று வீட்டில் இருக்கிறது. லைசென்ஸ் புத்தகத்தில் 2027 வரை புதுப்பித்திருக்கிறது. துப்பாக்கியும் 14 தோட்டாக்களும் அம்மா படுக்கும் அறையில் பீரோவுக்குள் இருக்கின்றன. அம்மா அங்கே தனியாக இருக்கிறார். சாவி மதுரையில் என்னிடம் இருக்கிறது. "அப்பா ஞாபகமா இருக்கட்டும், பன்றி வந்தா ஆகும்" என்கிறான் தம்பி. "ஸ்டேஷன்ல குடுத்துரு" என்கிறார் அக்கா. பெரியப்பா மகன், எழுத்தெல்லாம் வேண்டாம், நாற்பதாயிரம் தருகிறேன் என்கிறார். எனக்குச் சுடத் தெரியாது, விடவும் மனசில்லை. சுவரில் அப்பா மாட்டிய மான் கொம்பு வேறு இருக்கிறது. என்ன செய்யலாம்?

பதில்: வைத்துக்கொள்வதா, விற்பதா, விட்டுவிடுவதா என்று மூன்று பேரும் மூன்று பக்கம் இழுக்கிறீர்கள். அந்த முடிவுக்கு அவசரமே இல்லை, ஆறு மாதம்கூட எடுத்துக்கொள்ளுங்கள். ஆனால் அந்த ஆறு மாதமும் துப்பாக்கி உங்கள் பீரோவில் இருக்கக் கூடாது. இந்த வாரமே அது ஒப்படைக்கப்பட வேண்டும்.

2027 வரை தேதி இருக்கிறதே என்று நினைக்கிறீர்கள். பல குடும்பங்கள் இந்த நினைப்பில்தான் மாட்டிக்கொள்கின்றன. ஆயுத லைசென்ஸ் என்பது உங்கள் அப்பா என்ற ஒரு மனிதரை விசாரித்து, அவரை நம்பி அரசு கொடுத்த அனுமதி. அவர் கண்ணை மூடிய அன்றே அது முடிந்துவிட்டது. வயலும் வீடும் வாரிசுக்கு வருவது போலத் துப்பாக்கியின் மதிப்பு உங்களுக்கு வரும். அதைக் கையில் வைத்திருக்கும் உரிமை வராது. உயிலில் உங்கள் பெயரை எழுதி வைத்திருந்தாலும் இதே நிலைதான்.

1959-ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டம் 3-ஆம் பிரிவின்படி, லைசென்ஸ் இல்லாமல் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருக்கக் கூடாது. மீறினால் 25-ஆம் பிரிவில் குறைந்தது 2 ஆண்டு, அதிகபட்சம் 5 ஆண்டு சிறையும் அபராதமும் உண்டு. 2019 திருத்தத்துக்கு முன்பு இது 1 முதல் 3 ஆண்டாக இருந்தது. துப்பாக்கியைக் கொடுத்துவிட்டு, தோட்டாக்களை டிராயரில் மறந்துவிடுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். அந்தப் பதினாலையும் எண்ணிக் கொடுங்கள்.

துப்பாக்கி ஊரில் இருக்கிறது, நான் மதுரையில் இருக்கிறேன், எனக்கென்ன என்று கேட்கலாம். சாவி உங்களிடம் இருக்கிறதே! உடைமை என்றால் கையில் பிடித்திருப்பது மட்டும் இல்லை. ஒரு பொருள் இருப்பது தெரிந்து, அது நம் கட்டுப்பாட்டில் இருந்தாலே போதும் என்று 1972-இல் குன்வந்த்லால் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. சாவி உங்களிடம், பீரோ அம்மாவின் அறையில். நாளைக்கு யாராவது ஒரு மொட்டைக் கடிதம் போட்டால், விசாரணை உங்கள் இருவரிடமும் வரும். அந்த வயதில் அம்மா ஸ்டேஷன் பெஞ்சில் உட்காரக் கூடாது என்பதுதான் என் முதல் கவலை. இரண்டாவது கவலை சட்டம் சம்பந்தப்பட்டதே இல்லை. தனியாக இருக்கும் ஒரு வயதான பெண்ணின் அறையில் ரைஃபிள் இருப்பது ஊருக்கே தெரியும். திருடன் வந்தால் அது அவருக்குப் பாதுகாப்பாக இருக்காது, ஆபத்தாகத்தான் இருக்கும்.

பயப்படவும் தேவையில்லை. உங்களைப் போன்றவர்களுக்காகவே 21-ஆம் பிரிவு இருக்கிறது. எந்தக் காரணத்தால் உடைமை சட்டப்படி இல்லாமல் போனாலும், வீண் தாமதம் இல்லாமல் அருகிலுள்ள காவல் நிலையத்திலோ லைசென்ஸ் பெற்ற துப்பாக்கி வியாபாரியிடமோ ஒப்படைக்க வேண்டும் என்கிறது அது. ஒப்படைத்தால் போனது போனதுதான் என்று தம்பி நினைக்கலாம். அப்படி இல்லை. லைசென்ஸ் கிடைத்தால் திரும்ப வாங்கலாம். லைசென்ஸ் உள்ள வேறொருவருக்கு விற்கவும் செய்யலாம். விதிகளில் சொன்ன காலத்துக்குள் எதுவும் செய்யாமல் விட்டால்தான், உங்களுக்கு நோட்டீஸ் கொடுத்து அரசு எடுத்துக்கொள்ளும். இரண்டு மாதம் ஆகிவிட்டதே என்று தயங்க வேண்டாம். காரியங்கள், அம்மாவின் உடல்நிலை என்று உண்மையான காரணத்தைக் கடிதத்தில் ஒரு வரியில் எழுதுங்கள். 3-ஆம் பிரிவை மீறியதாக வழக்குத் தொடர மாவட்ட மாஜிஸ்திரேட்டின், அதாவது கலெக்டரின், முன் அனுமதி வேண்டும் என்று 39-ஆம் பிரிவு சொல்கிறது. தானாக முன்வந்து ஒப்படைக்கிறவர் நிலைமை வேறு, தேடி வந்து எடுக்கப்படுகிறவர் நிலைமை வேறு.

எப்படி ஒப்படைப்பது என்பதில்தான் கவனம் தேவை. ரைஃபிளை வேட்டியில் சுற்றிக்கொண்டு பஸ் ஏறிவிடாதீர்கள். உங்களுக்குச் சுடத் தெரியாது என்கிறீர்கள். அப்படியானால் போல்ட்டை (தோட்டாவை உள்ளே தள்ளும் கைப்பிடித் தண்டை) இழுத்துப் பார்க்கவும் வேண்டாம். உள்ளே ஒரு தோட்டா இருக்கிறதா இல்லையா என்பது அப்பாவுக்கு மட்டுமே தெரிந்த விஷயம். முதலில் கடிதத்தோடு ஸ்டேஷனுக்குப் போங்கள். இறப்புச் சான்றிதழ், லைசென்ஸ் புத்தகம் இரண்டின் நகலையும் இணைத்து, வீட்டிலிருந்தே ஆயுதத்தைப் பெற்றுக்கொள்ள ஆள் அனுப்புமாறு கேளுங்கள். அதே கடிதத்தின் நகலைப் பதிவுத் தபாலில் கலெக்டர் அலுவலகத்துக்கும் அனுப்புங்கள். தபால் ரசீதில் இருக்கும் தேதி பின்னாளில் உங்களுக்காகப் பேசும்.

லைசென்ஸ் புத்தகத்தை ஒருமுறை விரித்துப் பாருங்கள். ஒவ்வொரு தேர்தலுக்கும் அப்பா துப்பாக்கியை ஸ்டேஷனில் ஒப்படைத்துத் திரும்ப வாங்கியிருப்பார். அந்தப் பழைய ரசீதுகள் நடுப்பக்கத்தில் மடித்துச் செருகியிருக்கும், தூக்கிப் போட்டுவிடாதீர்கள். அவற்றில் இருக்கும் எண், புத்தகத்தில் இருக்கும் எண், துப்பாக்கி உடம்பில் பொறித்திருக்கும் எண் மூன்றும் ஒன்றாக இருக்க வேண்டும். ஓரிலக்கம் மாறியிருந்தால் அதையும் கடிதத்தில் நீங்களே சொல்லிவிடுங்கள்.

ரசீது விஷயத்தில் விட்டுக்கொடுக்கவே கூடாது. வழக்கறிஞரான என்னிடம் வந்த உசிலம்பட்டிப் பக்கத்துக் கட்சிக்காரர் ஒருவருக்கு "பழைய துப்பாக்கி 1" என்று மட்டும் ஒரு துண்டுச் சீட்டு கொடுத்து அனுப்பிவிட்டார்கள். இரண்டு வருடம் கழித்து அவர் லைசென்ஸோடு போனபோது ரைட்டர் மாறியிருந்தார், இன்ஸ்பெக்டரும் மாறியிருந்தார். பதிவேட்டில் எண் இல்லை, ஸ்டோர் அறையில் மூன்று துப்பாக்கிகள். எது அவருடையது என்று நிரூபிப்பதற்குள் ஒரு வருடத்துக்கு மேல் ஓடிவிட்டது. எனவே தயாரிப்பு, குழல் விட்டம் (bore), எண், தோட்டாக்களின் எண்ணிக்கை, தேதி, வாங்கியவரின் கையெழுத்து, நிலைய முத்திரை எல்லாம் ரசீதில் இருக்க வேண்டும். ஒப்படைக்கும் முன் செல்போனில் படமும் எடுத்து வையுங்கள். ஸ்டேஷன் அறையில் ஈரத்தில் துருவேறும் என்று கவலையாக இருந்தால், லைசென்ஸ் பெற்ற வியாபாரியிடம் பாதுகாப்பில் (சேஃப் கஸ்டடி) வைக்கலாம். வாடகை ஆகும், ஆனால் எண்ணெய் போட்டு வைப்பார்கள்.

சரி, இனி முடிவு.

நீங்களோ தம்பியோ வைத்துக்கொள்ள விரும்பினால், 2016-ஆம் ஆண்டின் ஆயுத விதிகளில் 25-ஆம் விதி இறந்த லைசென்ஸ்தாரரின் வாரிசுக்கு லைசென்ஸ் கொடுக்க இடம் தருகிறது. 21 வயது நிரம்பியிருக்க வேண்டும், போலீஸ் அறிக்கையில் பாதகமாக எதுவும் இருக்கக் கூடாது. தாசில்தாரின் வாரிசுச் சான்றிதழ், அம்மா, அக்கா உட்பட மற்ற வாரிசுகளின் ஆட்சேபனையில்லாக் கடிதம், மருத்துவச் சான்று, ஆயுதப் பாதுகாப்புப் பயிற்சிச் சான்று எல்லாம் தேவைப்படும். கல்யாணமாகிப் போன அக்காவின் கையெழுத்து எதற்கு என்று கேட்காதீர்கள், அவரும் சம வாரிசு. விண்ணப்பிக்கிறவர் குடியிருக்கும் இடத்தைப் பொறுத்து அதிகாரி மாறுவார். தம்பி கிராமத்து முகவரியில் கேட்டால் கலெக்டர். நீங்கள் மதுரை மாநகர எல்லைக்குள் இருந்தால் போலீஸ் கமிஷனர். மறுத்தால் காரணத்தை எழுத்தில் கேட்டு வாங்குங்கள், ஆயுதச் சட்டத்தின் 18-ஆம் பிரிவில் மேல்முறையீடு உண்டு.

ஆனால் எதற்காக என்று அதிகாரி கேட்பார். தம்பி சொல்கிற காரணத்தை விண்ணப்பத்தில் எழுதிவிட வேண்டாம். உங்கள் தாத்தா காலத்தில் அரசே வேட்டைக்கு லைசென்ஸ் கொடுத்தது. 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் 1991 திருத்தத்தோடு அந்தக் கதவு மூடியாயிற்று. உங்கள் ஊருக்கு மேலே இருக்கும் மலை, 2021-இல் அறிவித்த திருவில்லிபுத்தூர்–மேகமலைப் புலிகள் காப்பகத்தைச் சேர்ந்தது. மக்காச்சோளத்தைப் பன்றி ஒரே ராத்திரியில் உழுதுவிட்டுப் போகிற வேதனை எனக்குத் தெரியும், நானும் அந்தப் பக்கத்து விவசாயக் குடும்பம்தான். ஆனாலும் தமிழ்நாட்டில் காட்டுப்பன்றியைச் சுடும் அனுமதி, காட்டிலிருந்து 3 கிலோமீட்டருக்கு அப்பால், அதுவும் வனத்துறை ஊழியர்களுக்குத்தான். தம்பி ஒரு பன்றியைச் சுட்டால் இரண்டு சட்டத்தில் வழக்கு வரும். அதோடு, பயிர்ப் பாதுகாப்புக்குச் சட்டம் மனதில் வைத்திருப்பது குழல் வாய்வழியாக மருந்து கெட்டிக்கும் துப்பாக்கியையும், குழலின் உட்புறம் மரையில்லாமல் வழவழப்பாக இருக்கும் துப்பாக்கியையும்தான். ரைஃபிளுக்குத் தகுந்த காரணம் தனியாகக் காட்ட வேண்டும்.

ஞாபகத்துக்குச் சுவரில் மாட்டலாமே, லேத்தில் குழலை அடைத்துவிட்டால் போகிறது என்று யாராவது யோசனை சொல்வார்கள். கேட்காதீர்கள். பழுதுபார்த்தால்கூடச் சுட முடியாத பழைய ஆயுதத்துக்கு மட்டுமே ஆயுதச் சட்டத்தின் 45-ஆம் பிரிவு விலக்குத் தருகிறது. உங்களுடையது அப்பா கடைசி வரை துடைத்து வைத்த துப்பாக்கி.

பெரியப்பா மகனின் நாற்பதாயிரத்தைத் தொடவே வேண்டாம். அவரிடம் லைசென்ஸ் இல்லை என்றால், கை மாறிய நிமிடமே விற்ற நீங்களும் வாங்கிய அவரும் குற்றவாளிகள். நாளை அந்தத் துப்பாக்கி எங்காவது வெடித்தால், எண்ணை வைத்து உங்கள் அப்பா பெயருக்குத்தான் வருவார்கள். அவருக்கு உண்மையிலேயே ஆசை இருந்தால் முறைப்படி லைசென்ஸ் வாங்கட்டும். அதுவரை துப்பாக்கி கஸ்டடியில் இருக்கும். விற்பனை கலெக்டர் அலுவலகத்துக்கு எழுத்தில் தெரிவித்து, வியாபாரி மூலம் நடக்கட்டும். பணத்தை நான்கு வாரிசுகளும் பிரித்துக்கொள்ளுங்கள்.

என் கருத்தைக் கேட்டால், விற்றுவிடுங்கள் என்பேன். சுடத் தெரியாத ஒருவர், சுடக் கூடாத காரணத்துக்குக் கேட்கும் ஒரு தம்பி, தனியாக இருக்கும் அம்மா. இந்த வீட்டுக்கு அந்த ரைஃபிள் பொருந்தவில்லை. அப்பாவின் கையெழுத்துள்ள லைசென்ஸ் புத்தகத்தின் நகலும் செல்போனில் எடுத்த அந்தப் படமும் உங்களிடம் இருக்கட்டும்.

கடைசியாக மான் கொம்பு. இதற்கும் நாள் குறைவாகத்தான் இருக்கிறது. அப்பாவின் பெட்டியில் வனத்துறை கொடுத்த உரிமைச் சான்றிதழ் இருக்கிறதா என்று இன்றே தேடுங்கள். இருந்தால், வாரிசாக உங்களுக்கு வந்த 90 நாட்களுக்குள் தலைமை வன உயிரினக் காப்பாளருக்கு அறிவிக்க வேண்டும் என்கிறது வனவிலங்குச் சட்டத்தின் 40-ஆம் பிரிவு. அப்பா இறந்து இரண்டு மாதம் ஆகிவிட்டது, மீதி ஒரு மாதம்தான். சான்றிதழ் கிடைக்காவிட்டால் கொம்பை விற்கவோ, எரிக்கவோ, கிணற்றில் போடவோ வேண்டாம். இருக்கிற இடத்திலேயே இருக்கட்டும். வனத்துறைக்கு என்ன எழுதுவது என்பதை ஒரு வழக்கறிஞரோடு உட்கார்ந்து முடிவு செய்த பிறகு, எழுத்தில் தெரிவித்து ஒப்படையுங்கள்.