பாஸ்வேர்டு சரிதான், ஏன் உள்ளே விடவில்லை? – வாசகர் கேள்வி பதில்

கேள்வி: உபுண்டு லினக்ஸில் போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸ் நிறுவினேன். நிறுவும்போது பாஸ்வேர்டு எதுவும் கேட்கவில்லை. இப்போது ‘போஸ்ட்கிரெஸ்’ என்ற யூசராக நுழையப் பார்த்தால் ‘பியர் ஆதென்டிகேஷன் ஃபெயில்டு’ என்று வருகிறது. டீஃபால்ட் பாஸ்வேர்டு என்ன சார்?
– கல்லூரி மாணவி

பதில்: அப்படி ஒன்று கிடையாதும்மா. இதைப் போட்டுப் பாருங்கள், அதைப் போட்டுப் பாருங்கள் என்று இணையத்தில் சொல்வதையெல்லாம் விட்டுவிடுங்கள். உபுண்டுவில் அந்த யூசருக்கு பாஸ்வேர்டே வைப்பதில்லை. ஒரே கணினிக்குள்ளிருந்து யூனிக்ஸ் சாக்கெட் (நெட்வொர்க்கைத் தொடாத உள்வழி) வழியாக வருபவர் யார் என்று டேட்டாபேஸ் லினக்ஸிடம் கேட்கும். லினக்ஸ் யூசர் பெயரும் டேட்டாபேஸ் யூசர் பெயரும் ஒன்றாக இருந்தால் விடும், இல்லையென்றால் விடாது. ‘பியர்’ என்பது அவ்வளவுதான், நீங்கள் என்ன பாஸ்வேர்டு அடித்தாலும் அது பார்க்கப்போவதில்லை. சூடோ (வேறு யூசராக ஓட்ட உதவும் லினக்ஸ் கட்டளை) போட்டு ‘போஸ்ட்கிரெஸ்’ என்ற லினக்ஸ் யூசராக, டேட்டாபேஸுக்குக் கட்டளை கொடுக்கும் பிஎஸ்கியூஎல் புரோகிராமை ஓட்டுங்கள், உள்ளே போய்விடுவீர்கள். போனதும் உங்கள் புராஜெக்டுக்கென்று தனி யூசர் உருவாக்கி, பேக்ஸ்லாஷ் போட்டு ‘பாஸ்வேர்டு’ கட்டளையும் யூசர் பெயரும் கொடுத்து பாஸ்வேர்டு வையுங்கள். ஆல்டர் யூசர் என்று நேராக எழுதினாலும் நடக்கும், ஆனால் பாஸ்வேர்டு அப்படியே கட்டளை வரலாற்றில் உட்கார்ந்துகொள்ளும். அப்புறம் அந்த யூசராக இணையும்போது ஹோஸ்ட் ‘லோக்கல்ஹோஸ்ட்’ என்று சேர்த்துக் கொடுங்கள், அப்போதுதான் சாக்கெட்டை விட்டு டிசிபி என்ற நெட்வொர்க் வழியாகப் போய் பாஸ்வேர்டு கேட்கும்.

கேள்வி: எனக்குக் கேட்கவாவது செய்கிறது! பாஸ்வேர்டை எத்தனை முறை மாற்றினாலும் ‘பாஸ்வேர்டு ஆதென்டிகேஷன் ஃபெயில்டு’ என்றே வருகிறது. எழுத்துக்கு எழுத்து சரிபார்த்துவிட்டேன்.
– சிறு நிறுவனம் ஒன்றில் புரோகிராமர்

பதில்: பாஸ்வேர்டை மாற்றுவதை முதலில் நிறுத்துங்கள். வெளியிலிருந்து வருபவருக்கு போஸ்ட்கிரெஸ் வேண்டுமென்றே ஒரே செய்தியைத்தான் காட்டும். அந்த யூசரே இல்லாவிட்டாலும் இதே வரிதான், ஏனென்றால் எந்தப் பெயர் இருக்கிறது, எது இல்லை என்று திருடனுக்குச் சொல்லித் தரக்கூடாது. உண்மையான காரணம் சர்வரின் லாக் ஃபைலில் இருக்கிறது. யூசர் இல்லை, பாஸ்வேர்டே வைக்கவில்லை, காலாவதியாகிவிட்டது என்று அங்கே தெளிவாக எழுதியிருக்கும், பிஜி-ஹெச்பிஏ என்ற அனுமதி விதிகள் ஃபைலின் எத்தனையாவது வரி உங்களுக்குப் பொருந்தியது என்பது உட்பட. நான் பார்த்தவரை பாதிப் பேர் இந்த லாக்கைத் திறப்பதே இல்லை.

அந்த பிஜி-ஹெச்பிஏ ஃபைல்தான் யார், எங்கிருந்து, எந்த டேட்டாபேஸுக்கு, எந்த முறையில் வரலாம் என்று தீர்மானிக்கிறது. மேலிருந்து கீழாகப் படிக்கும், முதலில் பொருந்துகிற வரியோடு நின்றுவிடும். அந்த வரியில் தோற்றால் அடுத்த வரியை முயன்று பார்க்காது. அதனால் நீங்கள் கடைசியில் ஆசையாகச் சேர்த்த வரிக்கு வாய்ப்பே வராமல் போயிருக்கலாம். மாற்றிய பிறகு ரீலோடு செய்யவும் வேண்டும், ரீஸ்டார்ட் தேவையில்லை.

பழைய சர்வரிலிருந்து புதியதற்கு மாறினீர்களா? அப்படியென்றால் இன்னொரு சந்தேகம் உண்டு. 2017இல் வந்த போஸ்ட்கிரெஸ் 10ஆம் பதிப்பில் ‘ஸ்க்ராம்’ என்ற பாஸ்வேர்டு சரிபார்க்கும் முறை சேர்ந்தது, 2021இல் 14ஆம் பதிப்பிலிருந்து அதுவே டீஃபால்ட். பழைய எம்டி5 முறையில் பாஸ்வேர்டை உருமாற்றிச் சேமித்த ஹாஷ்கள் அப்படியே புதிய சர்வருக்கு வந்துவிடும், ஆனால் ஹெச்பிஏ வரியில் ஸ்க்ராம் என்று இருந்தால் எம்டி5 ஹாஷை அது ஏற்காது. தலைகீழாக, வரியில் எம்டி5 என்றிருந்தாலும் ஸ்க்ராம் பாஸ்வேர்டு வேலை செய்யும். ஹாஷிலிருந்து பாஸ்வேர்டை மீட்க முடியாது என்பதால் அதே பாஸ்வேர்டை மறுபடி ஒருமுறை அமைத்துவிடுவதுதான் வழி. அதற்கு முன் பாஸ்வேர்டு என்கிரிப்ஷன் செட்டிங் ஸ்க்ராமில் இருக்கிறதா என்று பாருங்கள், பழைய கான்ஃபிக் ஃபைலைக் காப்பி செய்து வந்திருந்தால் அது எம்டி5 என்றே கிடக்கும், நீங்கள் எத்தனை முறை மாற்றினாலும் மறுபடி எம்டி5 ஹாஷ்தான் உருவாகும்.

டாக்கரில் (புரோகிராமைத் தனிப் பெட்டிபோல ஒதுக்கி ஓட்டும் கருவி) ஓட்டுகிறீர்கள் என்றால் இவை எதுவும் இல்லாமலும் இருக்கலாம். பாஸ்வேர்டைக் கொடுக்கும் என்விரான்மென்ட் வேரியபிள், டேட்டா ஃபோல்டர் காலியாக இருக்கும் முதல் தடவை மட்டுமே பயன்படும். பழைய வால்யூம் (அந்த டேட்டா சேமித்த இடம்) இருக்கும்வரை அந்த மதிப்பை எப்படி மாற்றினாலும் பழைய பாஸ்வேர்டுதான்.

அப்புறம் யூசர் பெயரில் பெரிய எழுத்து இருக்கிறதா பாருங்கள். எஸ்கியூஎல்லில் மேற்கோள் இல்லாமல் உருவாக்கினால் எல்லாம் சிறிய எழுத்தாகிவிடும், இணையும்போது அப்படி மாற்றிக்கொள்ளாது.

கேள்வி: கனெக்ஷன் யூஆர்எல்லில் பாஸ்வேர்டு போட்டால் ஹோஸ்ட் பெயர் தப்பு என்கிறது. பாஸ்வேர்டில் @ இருக்கிறது, அதனாலா?

பதில்: அதனாலேதான். @ வந்த இடத்தில் பாஸ்வேர்டு முடிந்து ஹோஸ்ட் தொடங்குகிறது என்று எடுத்துக்கொள்கிறது. @ இருக்குமிடத்தில் %40 என்றும், # இருந்தால் %23 என்றும், / இருந்தால் %2F என்றும் எழுதுங்கள்.

கேள்வி: நண்பர் ஹெச்பிஏ ஃபைலில் எல்லா வரியையும் ‘ட்ரஸ்ட்’ ஆக்கிவிட்டார். இப்போது பிரச்சினையே இல்லை. அப்படியே விடலாமா?

பதில்: வேண்டாம். ட்ரஸ்ட் என்றால் பாஸ்வேர்டே கேட்காமல் யார் எந்தப் பெயர் சொன்னாலும் உள்ளே, சூப்பர்யூசர் என்று சொன்னாலும் உள்ளே. சூப்பர்யூசருக்கு காப்பி கட்டளை வழியாக சர்வரிலேயே புரோகிராம் ஓட்டும் அதிகாரம் உண்டு, ஆகவே போவது டேட்டா மட்டும் என்று நினைத்துவிடாதீர்கள். டீஃபால்ட்டாக போஸ்ட்கிரெஸ் லோக்கல்ஹோஸ்டில் மட்டும் கேட்கும், அதையும் அவர் திறந்துவிட்டிருந்தால் இன்றைக்கே மாற்றுங்கள். ஒவ்வொரு முறையும் பாஸ்வேர்டு அடிப்பதுதான் தொல்லை என்றால் உங்கள் ஹோம் ஃபோல்டரில் புள்ளியில் தொடங்கும் ‘பிஜிபாஸ்’ ஃபைல் வைத்துக்கொள்ளலாம்: ஹோஸ்ட், போர்ட், டேட்டாபேஸ், யூசர், பாஸ்வேர்டு, இடையில் முக்காற்புள்ளி. அதற்கு 600 பெர்மிஷன் (உங்களுக்கு மட்டும் படிக்க, எழுத அனுமதி) கொடுங்கள், குழுவுக்கோ மற்றவர்களுக்கோ அனுமதி இருந்தால் போஸ்ட்கிரெஸ் அந்த ஃபைலைச் சீண்டாது.