தலைசுத்தல் கிளினிக்குக்கு முதல் தடவை போறப்போ என்ன ரெடி பண்ணணும்?

அம்மா படுக்கையில புரண்டாலே தலை சுத்துதுன்னு சொல்றாங்க, அடுத்த வாரம் வெர்டிகோ கிளினிக்ல முதல் அப்பாயின்ட்மென்ட், என்ன ரெடி பண்ணணும்னு கேட்டிருக்கீங்க. முதல்ல அம்மாகிட்ட உக்காந்து பேசுங்க, ஏன்னா நாம எல்லாத்தையும் "மயக்கமா வருது"ன்னு ஒரே வார்த்தையில சொல்லிடுவோம், ஆனா ரூமே சுத்துதா, கண்ணு இருட்டிக்கிட்டு வருதா, இல்ல நடக்கும்போது தள்ளுதாங்கிறத வச்சுதான் டாக்டர் காரணத்தையே தேடுவார். எத்தனை செகண்ட் இருக்கு, எந்தப் பக்கம் திரும்பினா வருது, காதுல இரைச்சல் இருக்கான்னு எழுதி வைங்க. சுத்தும்போது அவங்க கண்ண மொபைல்ல வீடியோ எடுங்க, கருவிழி துடிக்கிறது தெரிஞ்சா அது ரொம்ப உதவும்.

வெர்டின், ஸ்டெமெட்டில் மாதிரி தலைசுத்தலுக்கு குடுக்குற மாத்திரை, கிளினிக்ல எடுக்குற டெஸ்ட் ரிசல்ட்ட மாத்தலாம், ரெண்டு நாள் முன்னாடியே நிறுத்தணுமான்னு கிளினிக்குக்கு போன் பண்ணி கேளுங்க, பிபி, சுகர் மாத்திரைய நீங்களா நிறுத்திடாதீங்க. கண்ணுக்கு மை வேண்டாம், கண்ணாடி மாட்டி கேமராவுல கருவிழிய பாக்குற டெஸ்ட்டுக்கு அது இடைஞ்சல். கிளம்புறதுக்கு முன்னாடி ரெண்டு இட்லி போதும், டெஸ்ட்ல படுக்க வச்சு தலைய திருப்புறப்போ வாந்தி வரலாம். திரும்பி வரப்போ பைக் வேண்டாம், ஆட்டோ பிடிச்சு கூடவே வாங்க.

நடுவுல பேச்சு குழறினாலோ, வாய் கோணினாலோ, ஒரு பக்கம் கை கால் வரலன்னாலோ அப்பாயின்ட்மென்ட் வரைக்கும் காத்திருக்காதீங்க, உடனே 108.