ராஜாவின் தோளில் இருப்பது எந்த விருது?

கேள்வி: எங்கள் ஊர் அரண்மனை மண்டபத்தில் ஒரு ராஜாவின் ஆளுயர எண்ணெய் ஓவியம் இருக்கிறது. தலைப்பாகை, தரையில் புரளும் பட்டு அங்கி, இரு தோள்களிலும் படிந்த தங்கச் சங்கிலி. பெயரும் இல்லை, ஆண்டும் இல்லை. அங்கி நீலமா பச்சையா என்றே தெரியவில்லை. என்ன விருது அது?
– ஒரு வாசகர், மதுரை

பதில்: அங்கியின் நிறத்தை நம்பாதீர்கள், சங்கிலியைப் பாருங்கள். சமஸ்தான மன்னர்கள் இப்படி நிற்கும் ஓவியங்களில் பெரும்பாலும் பிரிட்டிஷ் அரசு தந்த இரண்டு விருதுகளில் ஒன்றுதான் இருக்கும். சங்கிலியில் தாமரை, பனையோலை, ரோஜா மாறிமாறி வந்தால் ‘ஸ்டார் ஆஃப் இந்தியா’. யானையும் தோகை விரித்த மயிலும் தெரிந்தால் ‘இந்தியன் எம்பயர்’. முன்னதன் அங்கி வெளிர்நீல சாட்டின், பின்னதன் அங்கி கருநீலம் கலந்த ஊதா. இரண்டுக்கும் உள்பக்கம் வெள்ளைப் பட்டு.

அங்கியின் இடப்பக்கம் தைத்திருக்கும் நட்சத்திரத்தையும் கவனியுங்கள். ஸ்டார் ஆஃப் இந்தியாவுக்கு ஐந்து முனை. ‘விண்ணொளியே எமக்கு வழிகாட்டி’ என்ற பொருள்தரும் ஆங்கில வாசகம் வெளிர்நீல நாடாவில் இருக்கும். மற்றதில் வாசகம் லத்தீன்.

காலத்தையும் ஓரளவு சொல்லிவிடலாம். ஸ்டார் ஆஃப் இந்தியா 1861இல் தொடங்கி, 1866இல் மூன்று படிகளாகப் பிரிந்தது. அதன்பின் அங்கியும் சங்கிலியும் முதல்படியான ஜி.சி.எஸ்.ஐ.க்கு மட்டுமே. கும்பகோணத்தில் பிறந்த திவான் சர் டி. மாதவராவ் 1866இல் பெற்றது இரண்டாம் படியான கே.சி.எஸ்.ஐ.; அந்தப் படிக்குக் கழுத்தில் பதக்கமும் மார்பில் நட்சத்திரமும்தான். இந்தியன் எம்பயர் விருது 1878இல் வந்தாலும் அதன் முதல்படி 1887இல்தான் உருவானது. ஆகவே யானைச் சங்கிலி இருந்தால் ஓவியம் அதற்கு முந்தையதாக இருக்க வழியில்லை. 1948க்குப் பின் இரண்டு விருதுகளும் யாருக்கும் தரப்படவில்லை.

அது ஓவியம்தானா என்பதையும் உறுதி செய்துகொள்ளுங்கள். அந்தக் கால ஓலியோகிராஃப் அச்சுப் படங்களில் துணியின் நெசவையே அழுத்திப் பதித்து, மேலே வார்னிஷும் பூசுவார்கள். கண் ஏமாந்துவிடும். பத்து மடங்கு பெரிதாக்கும் லென்ஸில் முகத்தைப் பார்த்தால் அச்சில் புள்ளிகள் தெரியும். ஓவியத்தில் தூரிகைத் தடம் தெரியும்.

கேள்வி: அங்கி பச்சையாகத் தெரிவது அழுக்கினாலா? உருளைக்கிழங்கை வெட்டித் தேய்த்தால் போகும் என்கிறார்களே?
– அதே வாசகர்

பதில்: தயவுசெய்து தேய்க்காதீர்கள். பழைய வார்னிஷ் மஞ்சளாகிவிடும். வெளிர்நீலத்தின் மேல் மஞ்சள் படிந்தால் பச்சையாகத்தான் தெரியும். கிழங்கின் ஈரம் வெடிப்புகள் வழியே இறங்கும். அடியில் பூசிய வஜ்ஜிரப் பசை ஊதி, வண்ணம் செதில் செதிலாக எழும்பும். தங்கிவிடும் மாவில் பூஞ்சை பிடிக்கும். ஈரத்துணி, தேங்காய் எண்ணெய் எதுவும் வேண்டாம்.

வண்ணம் எங்கும் உரியவில்லை என்றால் மட்டும், படத்தைச் சற்று முன்பக்கம் சாய்த்து, காய்ந்த மென்மயிர்த் தூரிகையால் மேலிருந்து கீழாகத் தூசு தட்டலாம். உரிந்திருந்தால் தூரிகையும் படக்கூடாது. மழைநீர் ஊறும் சுவரில் மாட்டியிருந்தால் முதலில் இடம் மாற்றுங்கள். வார்னிஷை எடுப்பது பயிற்சி பெற்றவர் வேலை; ஓரத்தில் கடுகளவு இடத்தில் கரைப்பானைச் சோதித்த பிறகே தொடங்குவார்கள். சென்னை எழும்பூர் அரசு அருங்காட்சியகத்தில் இதற்கென்றே வேதியியல் பாதுகாப்புப் பிரிவு இருக்கிறது. படத்தின் முன்புறம், பின்புறம், சட்டம் மூன்றையும் புகைப்படம் எடுத்துக்கொண்டு அங்கே போய்க் கேளுங்கள்.