லம்பார்ட் தெரு: காரில் இறங்குவதா, நடந்து இறங்குவதா?

கேள்வி: வரும் ஜூலையில் நானும் என் கணவரும் கலிபோர்னியாவில் சன்னிவேலில் இருக்கும் மகள் வீட்டுக்குப் போகிறோம். சான் பிரான்சிஸ்கோவில் வளைந்து வளைந்து இறங்கும் லம்பார்ட் தெருவைப் பார்க்க வேண்டும் என்பது எனக்கு நெடுநாள் ஆசை. மாப்பிள்ளை, "காரிலேயே இறங்கலாம் அத்தை, அதுதான் த்ரில்" என்கிறார். எனக்கோ மலைப்பாதை வளைவுகளில் தலை சுற்றும். கணவருக்கு முழங்கால் வலி; படி இறங்க முடியாது. போய் வந்த தோழி ஒருத்தி, "ஒரு மணி நேரம் வரிசையில் நின்றோம், இரண்டு நிமிஷத்தில் இறங்கிவிட்டோம், அங்கே ஒன்றுமே இல்லை" என்று சொல்லிவிட்டாள். போகலாமா, வேண்டாமா? போனால் எப்படிப் போவது?
– ஒரு வாசகி, திண்டுக்கல்

பதில்: போங்கள் அம்மா, கட்டாயம் போங்கள். உங்கள் தோழி சொன்னது பொய்யில்லை. கோடை விடுமுறையில், மதியத்துக்கு மேல், காரில் மட்டும் போய் வந்தால் யாருக்கும் அவ்வளவுதான் கிடைக்கும். காலையில் சீக்கிரம் போய், கொஞ்ச நேரம் நடந்தும் பார்த்தால் அதே தெரு உங்களுக்கு மனசு நிறையக் கிடைக்கும்.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். லம்பார்ட் என்பது ஊரின் மேற்கே பிரசிடியோ என்ற பூங்காப் பகுதியில் தொடங்கிக் கிழக்கே கடலோரம் வரை போகும் நீளமான தெரு. அதன் மேற்குப் பகுதி அகலமான, வண்டிகள் விரையும் நெடுஞ்சாலை. வரிசையாக மோட்டல்கள் இருக்கும். ஜிபிஎஸ்ஸில் வெறுமனே "லம்பார்ட் ஸ்ட்ரீட்" என்று போட்டுவிட்டு அங்கே போய் இறங்கி, வளைவைத் தேடுகிறவர்கள் உண்டு. நீங்கள் பார்க்க வேண்டியது ரஷ்யன் ஹில் என்ற குன்றின் மேல், ஹைட் தெருவுக்கும் லெவன்வொர்த் தெருவுக்கும் நடுவில் இருக்கிற ஒரே ஒரு பிளாக். மாப்பிள்ளையிடம் "லம்பார்ட், ஹைட் சந்திப்பு" என்று போடச் சொல்லுங்கள்.

அந்த ஒரு பிளாக்கில் எட்டுக் கொண்டை ஊசி வளைவுகள். சுற்றுலாவுக்காகப் போட்டதல்ல அது. குன்றின் சரிவு அந்த இடத்தில் 27 சதவீதம். 100 அடி முன்னே போனால் 27 அடி கீழே இறங்க வேண்டும். நூறு வருஷத்துக்கு முந்தைய கார்கள் அந்தச் சரிவில் ஏறவும் முடியாது, நம்பி இறங்கவும் முடியாது. அங்கே மனை வைத்திருந்த கார்ல் ஹென்றி என்பவர் தெருவை வளைத்துப் போடலாம் என்று யோசனை சொன்னார், கிளைட் ஹீலி என்ற பொறியாளர் அதை வடிவமைத்தார், 1922-இல் கட்டினார்கள். நேராகப் போனால் 400 அடிச் சொச்சம் வரும் தூரம் இப்போது வளைந்து சுமார் 600 அடி. இறக்கம் அதே இறக்கம்தான், பாதை நீண்டதால் சரிவு குறைந்தது. தரையெல்லாம் சிவப்புச் செங்கல். வளைவுகளுக்கு நடுவே பாத்திகளில் ஹைட்ரேஞ்சியாச் செடிகள். நீங்கள் போகும் ஜூலை அவை கொத்துக் கொத்தாகப் பூத்திருக்கும் காலம். இரண்டு ஓரத்திலும் நடந்து போகிறவர்களுக்குப் படிக்கட்டு.

சரி, காரா நடையா? என்னைக் கேட்டால், கணவர் காரில், நீங்களும் மகளும் படியில். இருவருக்கும் நல்லது அதுதான்.

காரணம் சொல்கிறேன். காருக்குள் உட்கார்ந்தால் தெரு தெரியாது. முன் கண்ணாடியில் ஒரு செடிவேலி வரும், வண்டி திரும்பும், எதிர்ப் பக்கத்துச் செடிவேலி வரும், மறுபடி திரும்பும். இடையிடையே முன்னால் போகிற காரின் சிவப்பு பிரேக் விளக்கு. ஒன்றரை இரண்டு நிமிஷத்தில் கீழே வந்துவிடுவீர்கள். உங்கள் தோழிக்கு நடந்தது இதுதான். கீழே லெவன்வொர்த் முனையில் நின்று அண்ணாந்து பார்த்தால்தான் எட்டு வளைவும் ஒன்றன்மேல் ஒன்றாக, பூவும் செங்கலும் வீடுகளுமாக, ஒரே பார்வையில் விழும். மேலே ஹைட் முனையில் நின்றால் இன்னொரு காட்சி: தெரு காலடியில் கீழே போகும், நேர் எதிரே அடுத்த குன்றின்மேல் காய்ட் டவர், அதைத் தாண்டி வளைகுடாத் தண்ணீர். அங்கிருந்தே வடக்கே ஹைட் தெருவின் இறக்கத்தைப் பார்த்தால், கடலுக்கு நடுவே அல்கட்ராஸ் தீவு. இது எல்லாமே நின்று பார்க்க வேண்டியவை. கார் நடுவழியில் நிற்க முடியாது. நிற்கவும் கூடாது, பின்னால் ஆள் வந்துகொண்டே இருப்பார்கள்.

படி இறங்குவது உங்களுக்குச் சிரமமாக இருக்காது. நிதானமாக, அங்கங்கே நின்று, கார்கள் உங்களுக்குப் பக்கத்தில் வளைந்து போவதைப் பார்த்துக்கொண்டே இறங்கலாம். இதில் ஒரு அழகு இருக்கிறது. அங்கே வேக வரம்பு மணிக்கு 5 மைல், அதாவது 8 கிலோமீட்டர். கணவர் உட்கார்ந்திருக்கும் காரும் நீங்களும் கிட்டத்தட்டச் சேர்ந்தே இறங்குவீர்கள். ஒவ்வொரு திருப்பத்திலும் அவரைப் பார்த்துக் கையசைக்கலாம். காலில் மட்டும் பிடிமானமுள்ள செருப்போ ஷூவோ இருக்கட்டும். பனிமூட்டம் படிந்த காலையில் படி ஈரமாக இருக்கலாம்.

கணவர் விஷயத்தில் பிடிவாதமாக இருங்கள். "இறக்கம்தானே, சமாளித்துக்கொள்வேன்" என்று அவர் கிளம்பினாலும் விடாதீர்கள். முழங்கால் வலிக்காரர்களுக்கு ஏறுவதைவிட இறங்குவதுதான் மூட்டுக்கு அதிகப் பாரம். கீழ் முனையில் அவரைக் காரிலிருந்து இறக்கிவிட்டால் போதும், ஒரு படிகூட மிதிக்காமல் அவருக்கும் முழுத் தெருவும் தெரியும்.

ஒருவேளை நீங்களும் காரிலேயே இறங்க நேர்ந்தாலும் பயப்படாதீர்கள். மலைப்பாதையில் தலை சுற்றுவது வேகத்தாலும், மணிக்கணக்காகத் திரும்பிக்கொண்டே இருப்பதாலும். இங்கே வேகமும் இல்லை, நேரமும் இல்லை. முன் சீட்டில் உட்காருங்கள், பாதையைப் பார்த்துக்கொண்டிருங்கள், செல்போனைக் குனிந்து பார்க்காதீர்கள்.

மாப்பிள்ளைக்கும் ஒரு வார்த்தை. வளைவு கஷ்டமில்லை, அதற்கு முன்னால் நிற்கும் வரிசைதான் கஷ்டம். தெரு ஒருவழிப் பாதை, மேலிருந்து கீழே மட்டும். உள்ளே நுழையக் காத்திருக்கும் கார்கள் மேற்குப் பக்கம், லம்பார்ட் தெருவின் செங்குத்தான ஏற்றத்தில், லார்க்கின் தெருவையும் தாண்டி நிற்கும். கூட்ட நாளில் அந்த ஏற்றத்தில் நின்று நின்று நகர வேண்டும். ஹைட் தெருவைக் கடக்கும்போது குறுக்கே கேபிள் கார் (தெருவிலேயே தண்டவாளத்தில் ஓடும் டிராம் மாதிரி வண்டி) வேறு வரும். ஓட்டுகிறவரைக் களைக்க வைப்பது இதுதான். அதனால் சனி, ஞாயிறு வேண்டாம். வாரநாளில் காலை 8 மணி வாக்கில் அங்கே இருக்கும்படி கிளம்புங்கள். சன்னிவேலிலிருந்து வரும் நெடுஞ்சாலையில் அந்த நேரம் அலுவலக நெரிசல் இருக்கும், அதற்கும் சேர்த்து முன்கூட்டியே புறப்படுங்கள். தெரு கிழக்கு நோக்கி இறங்குகிறது. காலை வெயில் நேராக ஓட்டுகிறவர் கண்ணில் அடிக்கும், கூலிங் கிளாஸ் எடுத்துக்கொள்ளச் சொல்லுங்கள். உங்களுக்கு அதே வெயில் உபகாரம்: கீழே நின்று படம் எடுத்தால் வெளிச்சம் உங்கள் முதுகுக்குப் பின்னாலிருந்து தெருவின்மேல் விழும். மதியத்துக்கு மேல் போனால் கீழிருந்து எடுக்கும் படம் எதிர்வெயிலில் கெட்டுப்போகும்.

நீங்களும் மகளும் இறங்கிக்கொள்ள வேண்டியது வளைவுப் பாதை வாயில் அல்ல. அங்கே நிறுத்தினால் எல்லோருக்கும் இடைஞ்சல். ஒரு பிளாக் முன்னதாகவே பாதுகாப்பான ஓரம் பார்த்து இறங்கி நடந்து வாருங்கள். ஹைட்டுக்கு மேற்கே ஜார்ஜ் ஸ்டெர்லிங் பூங்கா இருக்கிறது. மூச்சு வாங்கினால் அங்கே கொஞ்சம் உட்காரலாம்.

மேட்டில் எங்காவது காரை நிறுத்த நேர்ந்தால், சக்கரத்தைத் திருப்பி வைப்பது அந்த ஊர் விதி. கார் இறக்கம் பார்த்து நின்றால் முன் சக்கரம் நடைபாதைப் பக்கம், ஏற்றம் பார்த்து நின்றால் சாலைப் பக்கம். பிரேக் விட்டுப்போனாலும் நடைபாதை ஓரக் கல்லில் முட்டி வண்டி நின்றுவிடும். மறந்தால் அபராதச் சீட்டு ஒட்டிவிடுவார்கள். நடக்கும்போது ஓரத்தில் நிற்கும் கார்களைக் கவனியுங்கள், வரிசையாக எல்லாச் சக்கரமும் திரும்பியிருக்கும்.

அதைவிட முக்கியம், காரில் பையை விட்டுவிட்டுப் போகாதீர்கள். சான் பிரான்சிஸ்கோவில் சுற்றுலா இடங்களில் கார் கண்ணாடியை உடைத்துப் பொருளை எடுத்துக்கொண்டு ஓடுவது பேர்போன தொல்லை. பட்டப்பகலில், பத்து நிமிஷ இடைவெளியில் நடக்கும். பாஸ்போர்ட்டை மகள் வீட்டிலேயே பத்திரமாக வைத்துவிடுங்கள். கைப்பை, கேமரா, ஏன் ஒரு வெறும் ஸ்வெட்டர் பைகூட சீட்டில் கண்ணில் படும்படி கிடக்க வேண்டாம்.

இப்போது நான் மிகவும் கேட்டுக்கொள்வது. அந்தத் தெருவில் ஆட்கள் குடியிருக்கிறார்கள். வளைவுகளை ஒட்டியே அவர்கள் வீட்டு வாசலும் கராஜ் கதவும். வேலைக்குக் கிளம்புகிற ஒருவர், சுற்றுலாக் கார்களுக்கு நடுவே இடைவெளி கிடைக்கும் வரை தன் வீட்டு வாசலிலேயே காத்திருக்க வேண்டியிருக்கிறது. ஆண்டுக்குச் சுமார் 20 லட்சம் பேர் வந்து போகும் ஒரு பிளாக்கில் குடும்பம் நடத்துவது எப்படி இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். நாம் காலை 8 மணிக்குப் போகிறோம் என்பதால் இன்னும் கவனம் வேண்டும். சத்தமாகக் கூப்பிட்டுக்கொள்ள வேண்டாம், அடுத்தவர் வீட்டுப் படியில் உட்கார்ந்து படம் எடுக்க வேண்டாம், பூவைத் தொடலாம், பறிக்க வேண்டாம். நடுத்தெருவில் நின்று போஸ் கொடுப்பதும் வேண்டாம். இறங்கி வருகிற வண்டிக்கு ஒதுங்க இடமே கிடையாது. கடை, கழிப்பறை எதையும் அங்கே எதிர்பார்க்காதீர்கள், முன்பே பார்த்துக்கொண்டு வருவது நல்லது.

கட்டணம் உண்டா என்று யாராவது குழப்பினால், கிடையாது. கூட்டத்தைக் கட்டுப்படுத்த, காரில் வருகிறவர்கள் முன்பதிவு செய்து பணம் கட்ட வேண்டும் என்று ஒரு திட்டம் வந்தது. அதற்கு நகரத்துக்கு அதிகாரம் தரும் மசோதா மாநிலச் சட்டமன்றத்தில் நிறைவேறியும், 2019-இல் ஆளுநர் கேவின் நியூசம் கையெழுத்திட மறுத்துவிட்டார்.

அப்புறம், ஜூலைதானே என்று பருத்திச் சேலையோடு மட்டும் கிளம்பிவிடாதீர்கள். சன்னிவேலில் வெயில் கொளுத்தினாலும் சான் பிரான்சிஸ்கோவில் கோடைக்காலக் காலை பனிமூட்டமும் கடற்காற்றுமாகக் குளிரும். அந்த ஊருக்கு இதமான மாதங்கள் செப்டம்பரும் அக்டோபரும்தான். ஸ்வெட்டரும் கணவருக்கு ஒரு மஃப்ளரும் கையில் இருக்கட்டும். முழுவதும் மூடுபனியாக இருந்தாலும் திரும்பிவிடாதீர்கள். தூரத்துக் கடல் தெரியாவிட்டாலும் பூவும் செங்கலும் அந்த வெளிச்சத்தில் நன்றாகவே இருக்கும்.

மாப்பிள்ளை த்ரில் கேட்கிறார் என்றால் அவருக்கும் வழி இருக்கிறது. உலகத்திலேயே வளைந்த தெரு என்று லம்பார்ட்டைச் சொல்வார்கள், ஆனால் அதே ஊரில் பொட்ரேரோ ஹில் பகுதியில், 20-ஆம் தெருவுக்கும் 22-ஆம் தெருவுக்கும் நடுவில் இருக்கிற வெர்மான்ட் தெரு அதைவிட நெருக்கமாக வளைகிறது. ஏழு வளைவுதான், பூ இல்லை, கூட்டமும் இல்லை. செங்குத்து வேண்டுமென்றால் லம்பார்ட்டிலிருந்து ஹைட் வழியாகத் தெற்கே இரண்டே பிளாக்கில் ஃபில்பர்ட் தெரு. ஹைட்டுக்கும் லெவன்வொர்த்துக்கும் நடுவில் அதன் சரிவு 31.5 சதவீதம், வளைவே கிடையாது. மேல் முனையில் நின்று பார்த்தால் நாலடிக்கு அப்பால் சாலையையே காணோம். உங்களுக்கு அது வேண்டாம், நின்று பார்த்தாலே போதும்.

எல்லாம் முடிய 9 மணி ஆகலாம். கீழே வந்ததும் எல்லோரும் காரில் ஏறி, கிரார்டெல்லி ஸ்கொயர் என்ற கடைவளாகத்தின் பக்கம் ஏதாவது ஒரு கட்டண பார்க்கிங்கில் வண்டியை விடுங்கள். அருகிலேயே ஹைட்டும் பீச் தெருவும் சந்திக்கும் இடத்தில் பவல்-ஹைட் கேபிள் கார் திரும்பும் வட்ட மேடை இருக்கிறது. 1873-இல் இந்த ஊரில் ஓட ஆரம்பித்த வண்டி வகை. தரைக்கு அடியில் ஓடிக்கொண்டே இருக்கும் இரும்புக் கயிற்றைக் கவ்விக்கொண்டு மேடேறும். இங்கே ஏறினால் லம்பார்ட்டின் மேல் முனை வழியாகவே போகும், தெரு உங்களுக்கு இடது கைப் பக்கம் வரும். டிக்கெட் பஸ்ஸைவிட நிறைய விலை, ஒரு பயணத்துக்கு மட்டும் செல்லும். போக வர இரண்டு மூன்று முறை ஏறுவதாக இருந்தால் நாள் பாஸ் வாங்குவதுதான் லாபம். மாப்பிள்ளையும் மகளும் வெளிப்படியில் தொற்றிக்கொண்டு வரட்டும். ஏறும் படி உயரமாக இருக்கும், அதனால் கணவரை அவசரப்படுத்தாமல் முதலில் ஏற்றி, மூடிய பகுதிக்குள் உட்கார வைத்துவிட்டு நீங்கள் ஏறுங்கள்.