மழையும் கொழுந்தும்: ஒரு கடிதம்

வணக்கம் ஐயா,

கோத்தகிரி பக்கம் எங்களுக்குக் கொஞ்சம் தேயிலை இருக்கிறது. கல்லூரியில் முதலாண்டு புள்ளியியல் படிக்கிறேன். ஒட்டுறவுப் பாடத்துக்காக, அப்பா நோட்டில் எழுதிவைத்த பச்சை இலை எடையையும் பக்கத்து எஸ்டேட்டில் அளந்த மழையையும் மாதவாரியாக ஓராண்டுக்கு எடுத்துக் கணக்குப் போட்டேன். இரண்டு அளவுகளும் எவ்வளவு சேர்ந்து ஏறி இறங்குகின்றன என்பதை −1 முதல் 1 வரை சொல்லும் ஒட்டுறவுக் கெழு 0.12 வந்தது. மழைக்கும் இலைக்கும் சம்பந்தமே இல்லை என்றதும் அப்பா சிரித்துவிட்டார். தோழியோ 12 சதவீதம் சம்பந்தம் உண்டு என்கிறாள். யார் சொல்வது சரி?

அன்புள்ள மாணவிக்கு,

அப்பாதான் சரி.

தோழியின் கணக்கை முதலில் முடித்துவிடலாம். கெழு சதவீதம் கிடையாது. அதன் வர்க்கத்தை வேண்டுமானால் அப்படிப் படிக்கலாம், 0.0144, அதாவது இலை எடையின் ஏற்ற இறக்கத்தில் ஒன்றரை சதவீதத்துக்கும் குறைவாகத்தான் மழையோடு ஒரு நேர்கோட்டில் பொருந்துகிறது.

அந்த 'நேர்கோட்டில்' என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. நீங்கள் போட்டது கார்ல் பியர்சன் என்ற புள்ளியியலாளரின் கெழு, அதற்கு வேறு எதுவும் தெரியாது. ஜனவரி, பிப்ரவரியில் மழையும் இல்லை இலையும் இல்லை, கோடை மழை விழுந்ததும் கொழுந்து கிளம்புகிறது, அப்புறம் ஐப்பசி அடைமழையில் நாள்கணக்காக மேகம் மூடி, வெயில் படாமல், தேயிலை இலையைக் கெடுக்கும் கொப்புள நோயும் சேர்ந்துகொண்டால் இலை மறுபடி இறங்கிவிடுகிறது. ஏறி இறங்கும் இந்த வளைவுக்குக் குறுக்கே ஒரு கோடு போடச் சொன்னால் அது படுத்துக்கொள்ளத்தான் செய்யும். கெழுவும் பூஜ்யத்துக்குப் பக்கத்தில் வந்து நிற்கும்.

படம் போட்டுப் பார்த்தீர்களா? கடிதத்தில் அதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை! 1973இல் ஆன்ஸ்கோம் என்ற புள்ளியியலாளர் நான்கு சிறிய அட்டவணைகளை வெளியிட்டார். நான்கிலும் கெழு 0.816தான், சராசரிகளும் ஒன்றே. வரைந்து பார்த்தால் ஒன்று சுமாரான நேர்கோடு, ஒன்று சுத்தமான வளைவு, மற்ற இரண்டையும் தனியாகத் துருத்தி நிற்கும் ஒரே ஒரு புள்ளி கெடுத்துவைத்திருக்கும். ஒவ்வொரு ஜோடியையும் ஒரு புள்ளியாக வைக்கும் சிதறல் விளக்கப்படம் பாடப்புத்தகத்தில் முதலில் வருவது சும்மா இல்லை.

இன்னொன்று, இன்று பெய்த மழைக்கு நாளையே கொழுந்து வராது, பறிக்கிற பதத்துக்கு வரச் சில வாரங்கள் ஆகும். ஏப்ரல் மழையை மே மாத இலையோடு ஜோடி சேர்த்துப் பாருங்கள். 12 ஜோடி 11 ஆகிவிடும், பரவாயில்லை. ஆனால் இவ்வளவு சின்னக் கணக்கில் தற்செயலாகவே பெரிய எண் வந்துவிடும் என்பதால், 0.6ஐத் தாண்டினால்தான் நான் நிமிர்ந்து உட்காருவேன். முடிந்தால் பழைய நோட்டுகளையும் கேட்டு வாங்குங்கள்.

அப்படியே பெரிய எண் வந்தாலும் மழைக்கு மாலை போட்டுவிடாதீர்கள். மண் நனைந்த பிறகுதானே தோட்டத்துக்கு உரம் போடுவார்கள்? இலை கூடியது மழையாலா உரத்தாலா என்று கெழு சொல்லாது. அந்தத் தேதிகளும் அப்பாவின் நோட்டில் இருந்தால் அவற்றையும் எடுத்து எழுதுங்கள்.