தாட் ஃபேன் ஜிப்லைன்: உபோன் வழியாகப் போங்கள்

பாங்காக்கில் மூன்று நாள் மிச்சம், அருவிக்கு மேல் கம்பியில் தொங்கிச் சறுக்கும் ஜிப்லைன் போகணும், ஆனால் விமானச் செலவு கட்டாது என்று கேட்டிருந்தீர்கள். விமானமே வேண்டாம். இரவு ரயிலில் தாய்லாந்தின் கிழக்கிலுள்ள உபோன் ராட்சதானி, அங்கிருந்து சோங் மெக் எல்லை தாண்டும் பஸ்ஸில் லாவோஸின் பாக்சே. அப்புறம் வாடகை ஸ்கூட்டரில் போலவென் பீடபூமி ஏறினால், காபித் தோட்டங்களுக்கு நடுவே, சுமார் 40 கிலோமீட்டரில் தாட் ஃபேன்.

இரட்டை அருவி, 100 மீட்டருக்கும் மேல் நேராக விழுகிறது. கம்பி அந்தப் பள்ளத்தாக்கின் குறுக்கே போவதால், நடுவில் போகும்போது காலுக்குக் கீழே வெறும் பச்சை ஆழமும் பக்கவாட்டில் அருவியும்தான். கப்பியின் கிர்ர் சத்தத்தையும் மீறி அந்த இரைச்சல் காதில் விழும், எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது.

காலையில் மூடுபனி இருந்தால் அவசரப்பட்டு டிக்கெட் எடுக்காதீர்கள், ஒரு காபி குடித்துக் காத்திருங்கள். கோடையில் தண்ணீர் மெலிந்துவிடும், நீங்கள் சொன்ன நவம்பர் நல்ல மாதம்.

92 கிலோ என்று சொன்னீர்களே, எடை வரம்பைப் பணம் கட்டும் முன்பே கேளுங்கள். இடுப்பு வாரும் தொடை வாரும் இறுக்கமாக இருக்கிறதா, இரண்டாவது பாதுகாப்புக் கயிறு மாட்டியாயிற்றா என்று உங்கள் கண்ணால் பாருங்கள். கப்பிக்கு முன்னால் கம்பியில் கை வைக்கவே கூடாது.

முக்கியமாக, தாய்லாந்து விசா ஒருமுறை நுழைவுக்கு மட்டும் என்றால் லாவோஸிலிருந்து திரும்பும்போது சிக்கிக்கொள்வீர்கள். ரயில் பதியும் முன் அதைப் பாருங்கள்.