ஐஸ் இருக்கும் வரை கடல்: ஆழ்கடல் தூண்டில் படகு வேலை பற்றிய கேள்வி பதில்

கன்னியாகுமரி மாவட்டம் தூத்தூரையும் அதன் பக்கத்து ஊர்களையும் சேர்ந்த தூண்டில் படகுகள், சூரை எனும் டூனா மீனையும் சுறாவையும் தேடி அரபிக்கடலில் நெடுந்தொலைவு செல்பவை. அவற்றில் 19 ஆண்டுகள் வேலை செய்தவன் என்ற முறையில், உறுப்பினர்களின் கேள்விகளுக்கு விடையளிக்கிறேன்.

கேள்வி: ஐயா, ஒரு பயணம் எத்தனை நாள் என்பதை யார் முடிவு செய்கிறார்கள்?

பதில்: பேருக்கு, படகை நடத்தும் தலைவரான ஸ்ராங்கு; உண்மையில் ஐஸ். கொச்சியில் டீசலும் குடிநீரும் அரிசியும் ஏற்றிக்கொண்டு பத்துப் பன்னிரண்டு பேர் புறப்பட்டால், மீண்டும் கரையைக் காண 30 முதல் 40 நாள் வரை ஆகும். டீசல் மிச்சமிருந்தும் ஐஸ் கரைந்துவிட்டதால் திரும்பிய பயணங்கள் எனக்குப் பல உண்டு.

கேள்வி: அவ்வளவு நாள் மீன் எப்படிக் கெடாமல் இருக்கிறது, அண்ணா?

பதில்: முழுத் திறமையும் இதில்தான் இருக்கிறது. கேரை என்று நாங்கள் சொல்லும் பெரிய சூரையின் உடற்சூடு கடல்நீரின் சூட்டைவிடக் கூடுதலானது. தூண்டிலில் போராடும்போது அது இன்னும் ஏறும். ஆகவே, மேலே தூக்கியவுடன் குருதியை வடித்து, செவுளையும் குடலையும் நீக்கி, வயிற்றுக்குள் உடைத்த ஐஸைத் திணித்து, மீனும் மீனும் ஒட்டாதபடி இடையிலும் ஐஸ் பரப்பி அடுக்குவோம். தாமதித்தால் தசையில் ஹிஸ்டமின் உண்டாகும். அது சமைத்தாலும் போகாது. ஐஸ் அறைக்குள் குனிந்தபடி அடுக்குபவரின் விரல்கள் மரத்துப்போய், மேலே வந்து தேநீர்க் குவளையைப் பிடித்த பிறகுதான் உணர்வு திரும்பும். தொடக்கத்தில் வந்து சேரும் பையன்களுக்குத்தான் பெரும்பாலும் அந்த வேலை கிடைக்கும். எனக்கும் அதுதான் கிடைத்தது.

கேள்வி: உறக்கம் கிடைக்குமா?

பதில்: தங்கூசி எனும் நைலான் நூலில் நூற்றுக்கணக்கான தூண்டில்களுக்கு இரை கோத்து இறக்கிய பிறகும், அவற்றை இழுக்கத் தொடங்குவதற்கு முன்பும் கிடைக்கும் சில மணி நேரம்தான் உறக்கம்.

கேள்வி: சம்பளம் மாதக் கணக்கா?

பதில்: இல்லை, பங்கு. விற்ற பணத்தில் டீசல், ஐஸ், சாப்பாட்டுச் செலவைக் கழித்து, மீதியை உரிமையாளரும் தொழிலாளரும் பிரித்துக்கொள்வார்கள். விகிதம் படகுக்குப் படகு மாறும். மீன்பாடு இல்லாவிட்டால் 40 நாள் உழைத்தும் கடனோடு இறங்க நேரும். மேற்குக் கரையில் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை தடைக்காலம் என்பதால், அந்த 61 நாளுக்கும் முன்கூட்டியே சேர்த்துவைக்க வேண்டும்.

கேள்வி: புயல் வந்தால் எப்படித் தெரியும்?

பதில்: கைப்பேசி அலைவரிசை கரையோரத்தோடு நின்றுவிடும். 2017 நவம்பர் இறுதியில் ஒக்கிப் புயல் வந்தபோது, தொலைவில் இருந்த பல படகுகளுக்கு எச்சரிக்கை போய்ச் சேரவில்லை; எங்கள் ஊர்களில் அதன் இழப்பை இன்றும் வீடுதோறும் பேசுகிறார்கள். செயற்கைக்கோள் வழியாகச் செய்தி பெறும் கருவிகள் அதன் பிறகுதான் படகுகளுக்கு வரத் தொடங்கின.

கேள்வி: குளியல்?

பதில்: நல்ல தண்ணீர் குடிக்கவும் சமைக்கவும் மட்டுமே என்பதால், குளிப்பது கடல்நீரில்தான். மழை பிடித்தால் சோப்போடு மேல்தளத்துக்கு ஓடுவோம். பாதியில் மழை விட்டுவிட்டால் நுரையோடு நிற்க வேண்டியதுதான்.